ஒரு டாக்டர் மான் வேட்டை கற்றுக்கொண்ட கதை

1/
கொஞ்சம் நீளமான இழை. காபியோ டீயோ கையில வச்சுக்கிட்டு உட்காருங்க.

ஒரு சர்ஜன் வில்லும் அம்பும் வச்சு மான் வேட்டையாடக் கத்துக்கிட்ட கதை இது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அருங்காட்சியகத்தில் குடியிருந்த மனிதர். ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. அருங்காட்சியகத்துலதான்.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதைப் படிச்சுட்டு யாரும் வில்லைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டாம்.

கதை நடந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நூறு வருஷத்துக்கு முன்னால்.

3/
டாக்டர் பெயர் சாக்ஸ்டன் போப். (வாட்டிகன் போப் இல்லீங்க, இது குடும்பப் பெயர்.)

1875இல் டெக்சாஸில் பிறந்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, வாட்சன்வில் என்ற சின்ன ஊரில் சில வருஷம் ப்ராக்டிஸ் செய்தார். 1912இல் சான் பிரான்சிஸ்கோவில், தான் படித்த அதே மருத்துவக் கல்லூரியில் சர்ஜரி சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்தார்.

4/
மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகம் இருந்தது. அங்கே ஏறத்தாழ ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தங்கியிருந்தார். எல்லாரும் அவரை 'இஷி' என்று கூப்பிட்டார்கள்.

அது அவர் பெயர் இல்லை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. வரேன்.

5/
அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அப்போது அந்த மண்ணின் பூர்வகுடிகள் சுமார் 1,50,000 பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1870 வாக்கில் சுமார் 30,000.

22 வருஷம். ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

6/
நோய் ஒரு காரணம், பட்டினி ஒரு காரணம். ஆனா அது மட்டும் இல்லை. குழு குழுவாகத் துப்பாக்கியோடு கிளம்பி, கிராமம் கிராமமாகச் சுட்டுக் கொன்றார்கள்.

வடக்கு கலிபோர்னியாவில் லாசன் மலையடிவாரத்தில், மில் கிரீக், டீர் கிரீக் என்ற இரண்டு ஓடைகளை ஒட்டி வாழ்ந்த ஒரு சின்ன இனம் யாஹி. சில நூறு பேர்தான். 1865இலும் 1871இலும் நடந்த தாக்குதல்களில் அவர்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள்.

7/
தப்பித்த ஒரு சிறு கூட்டம் என்ன செய்தது?

மறைந்துபோனது. ஒரு வாரம், ஒரு மாசம் இல்லைங்க. சுமார் 40 வருஷம். வெள்ளைக்காரர்களின் பண்ணைகளில் இருந்து நடந்து போகும் தூரத்திலேயே, யார் கண்ணிலும் படாமல்.

8/
எப்படி வாழ்ந்தாங்கன்னு பின்னாளில் பதிவாகியிருக்கு.

கால் தடம் விழாமல் பாறை விட்டுப் பாறை தாவுவது. புதருக்குள் கிளையை வெட்டாமல், அடியில் தவழ்ந்தே போவது, ஏன்னா கோடாலிச் சத்தம் ரொம்ப தூரம் கேட்கும். அடுப்பை மிகச் சின்னதாக எரித்துப் புகை மேலே எழாமல் பார்த்துக்கொள்வது.

9/
இப்ப வேட்டைக்கு வருவோம். உயிர் வாழ இறைச்சி வேணும். துப்பாக்கி கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை சுட்டால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அடுத்த நாள் ஆள் வந்துடும்.

வில்லுக்குச் சத்தம் கிடையாது.

இஷிக்கு வில் வேட்டை பொழுதுபோக்கும் இல்லை, பாரம்பரியக் கலையும் இல்லை. பிடிபடாமல் சாப்பிடுவதற்கு இருந்த ஒரே வழி. இதை மனசுல வச்சுக்கோங்க. கடைசியில தேவைப்படும்.

10/
1908 நவம்பரில் நில அளவைக்கு வந்த ஒரு குழுவினர் தற்செயலாக அவர்கள் மறைவிடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே நடக்க முடியாத ஒரு மூதாட்டி. இஷியின் தாய் என்று நம்பப்படுகிறது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

வந்தவர்கள் அந்த அம்மாவைத் துன்புறுத்தவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, போர்வை என்று கையில் கிடைத்ததை எல்லாம் நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

11/
குளிர்காலம் தொடங்கும் நேரம். அதுதான் அந்தக் குடும்பத்தின் மொத்தச் சொத்து.

தாய் சீக்கிரமே இறந்துபோனார். ஓடிப்போன மற்றவர்களை இஷி மறுபடி பார்க்கவே இல்லை. அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்று வருஷம், அந்த மலையில் ஒற்றை ஆள்.

12/
1911 ஆகஸ்ட் 29. ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே ஒரு இறைச்சிக் கூடத்தின் பட்டியில், மெலிந்து, துக்கத்துக்காகத் தலைமுடியைக் கருக்கிக்கொண்ட ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். ஷெரிஃப் அவரைச் சிறையில் வைத்தார். குற்றம் எதுவும் இல்லை, வேற எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

13/
செய்தியைப் படித்துவிட்டு பல்கலைக்கழகத்தில் இருந்து வாட்டர்மன் என்ற மானுடவியலாளர் ஓடி வந்தார். கையில் யானா மொழிச் சொற்களின் பட்டியல். யாஹி என்பது யானாவில் ஒரு கிளை. ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டுகிறார். எதிரில் இருப்பவரிடம் அசைவே இல்லை.

'சிவினி' என்று ஒரு சொல் வந்தது. ஒருவகைப் பைன் மரத்தின் பெயர். சொல்லிக்கொண்டே கட்டிலின் மரச் சட்டத்தைத் தட்டினார். அந்த முகம் மலர்ந்தது.

மூன்று வருஷம் கழித்துத் தன் மொழியில் ஒரு சொல்!

14/
பெயர் கேட்டால் சொல்லவில்லை. யாஹி வழக்கப்படி தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது, இன்னொருவர்தான் அறிமுகம் செய்ய வேண்டும். அறிமுகம் செய்ய ஒருத்தரும் உயிரோடு இல்லை.

பேராசிரியர் ஆல்ஃபிரட் குரோபர், அவர் மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லையே பெயராக வைத்தார். உண்மைப் பெயர் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

15/
அருங்காட்சியகத்தில் தங்க ஓர் அறை, துப்புரவு உதவியாளர் வேலை, மாசம் 25 டாலர் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன் உட்கார்ந்து அம்பு முனை செய்து காட்டுவார்.

அன்பாகத்தான் நடத்தினார்கள். ஆனா ஒரு மனிதர் தங்குவதற்கு அந்த ஊரில் கிடைத்த இடம் அருங்காட்சியகம். இதையும் சேர்த்தே சொல்லணும்.

16/
1912இல் டாக்டர் போப் இவரைச் சந்திக்கிறார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். இஷி அவரை 'போப்பி' என்றுதான் கூப்பிடுவார்.

டாக்டருக்குக் கை வித்தை தெரியும். காசை மறைத்து எடுக்கிற மாதிரி சின்னச் சின்ன மேஜிக். இஷிக்கு அவர் செய்த ஆபரேஷன்களைவிட அந்த மேஜிக்தான் பிடித்ததாம். 'இவர்தான் நிஜமான வைத்தியர்' என்று முடிவு செய்துவிட்டார். சர்ஜன்களுக்கு இது தேவையான அடிதான். 😄

17/
போப் இஷியிடம் முதலில் கற்றது வில் செய்வது.

ஜூனிபர் மரம், சுமார் 42 அங்குல நீளம். அளவுகோல் கிடையாது. கையைப் பக்கவாட்டில் நீட்டினால், விரல் நுனியில் இருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை. உங்கள் உடம்புக்கு உங்கள் வில்.

18/
வில்லின் முதுகில் ஒட்டுவது மானின் தசைநார். நாண் திரிப்பது மானின் கால் தசைநாரில். எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதுக்கி அம்பு முனை செய்யும் கருவி மான் கொம்பு.

மானை அடிக்க வில் வேணும். வில் செய்ய மான் வேணும். அப்போ இந்த வில்லுக்குள்ள அவர் அப்பா, தாத்தா அடிச்ச மானும் இருக்கு, அவங்க அறிவும் இருக்கு.

19/
இஷிக்கு வில் ஓர் உயிர் மாதிரி. வேலை முடிந்தால் நாணைக் கழற்றிப் படுக்க வைக்கணும். நிற்க வைத்தால் வில் களைத்துவிடும், வியர்த்துப் பலம் குறைந்துவிடும் என்பார். யாரும் அதைத் தாண்டக்கூடாது.

நம்ம வீட்டுல படிக்கிற புத்தகத்தைத் தாண்டினா அம்மா திட்டுவாங்களே, அதே மாதிரிதான்.

20/
போப் சும்மா கேட்டுத் தலையாட்டுகிற ஆள் இல்லை. பரிசோதனை செய்து பார்ப்பார்.

ஒரு பெட்டி. இரண்டு எதிர்ப் பக்கங்களில் மான் தோல், உள்ளே மாட்டு ஈரல். 10 கஜ தூரத்தில் இருந்து இரண்டு அம்புகள். எடை, நீளம், இறகு எல்லாம் ஒன்றே. முனை மட்டும் வேறு. ஒன்று எஃகு, இன்னொன்று எரிமலைக் கண்ணாடிக் கல்.

21/
எஃகு முனை உள்ளே போனது 22 அங்குலம். கல் முனை போனது 30 அங்குலம். திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே முடிவு.

'கற்கால ஆயுதம்'னு நாம இளக்காரமா சொல்றோம்ல? அந்தக் கல்லின் விளிம்பு சர்ஜிக்கல் பிளேடைவிடக் கூர்மையானது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எஃகின் விளிம்புதான் ரம்பம் மாதிரி தெரியும்.

22/
இங்கே ஒரு டாக்டராக ஒன்று சொல்லணும். துப்பாக்கிக் குண்டு திசுக்களைச் சிதைத்து அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்பு அப்படி இல்லை. அது ஒரு கத்தி. ரத்த இழப்பால்தான் கொல்லும்.

நெஞ்சுக்கூட்டில் இரண்டு நுரையீரலையும் துளைத்தால் மான் சில நொடிகளில் விழும். வயிற்றில் பட்டால்? மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

23/
அதனால வில் வேட்டையில் முக்கியமான கேள்வி 'எவ்வளவு தூரம் அம்பு போகும்' என்பதே இல்லை. 'மானுக்கு எவ்வளவு பக்கத்தில் உன்னால் போக முடியும்' என்பதுதான்.

பக்கத்தில் போகத் தெரியாதவன் எய்வது குரூரம். அந்தப் பக்கத்தில் போகிற வித்தைதான் இஷி கைவசம் இருந்தது.

24/
போப் பதிவு செய்திருக்கும் தயாரிப்பைப் பாருங்க.

வேட்டைக்கு முந்தைய நாள் மீன் சாப்பிடக்கூடாது. உடம்பில் நாற்றம் வரும். புகையிலை வாசம் ஆகாது. விடிகாலையில் தலை முதல் கால் வரை குளியல், வாயைக் கொப்பளிப்பது. வெறும் வயிறு. காலில் துணி கூடாது. துணி புதரில் உரசினால் சத்தம் வரும். அதோட, வெறும் காலில் முள் குத்தும்னு தெரிஞ்சா நாமளே பார்த்து நடப்போம்!

25/
ஆபரேஷன் தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி நாங்க கை கழுவற மாதிரி இருக்குல்ல? போப்புக்கு இது உடனே புரிந்திருக்கும்.

சடங்கு மாதிரி தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ தவறவிட்ட ஒரு மான் இருக்கும்.

26/
அடுத்தது கூப்பிடுவது. மட்ரோன் என்ற மரத்தின் இலையை மடித்து உதட்டில் வைத்து ஒலி எழுப்புவார். சின்ன வயசுல பூவரச இலையில பீப்பி ஊதினோமே, அந்த ஜாதி. குட்டி மான் கத்துவது போல் இருக்கும். தாய் மான் தேடி வரும்.

இன்னொரு முறை, பதப்படுத்திய மான் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, புதருக்குப் பின்னால் நின்று லேசாக ஆட்டுவது. 'யாருடா அது' என்று பார்க்க மான் தானாகப் பக்கத்தில் வரும்.

27/
விரலை உதட்டில் வைத்து முத்தம் கொடுப்பது போல ஒரு சத்தம் போடுவார். ஆபத்தில் இருக்கும் முயலின் குரல். ஒருமுறை 12 இடங்களில் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து முயலும் ஒரு காட்டுப் பூனையும் வந்தன.

காட்டுப் பூனை சுமார் 50 கஜத்தில் ஒரு மரக்கட்டையில் வந்து ஜம்முனு உட்கார்ந்தது. நம்ம டாக்டர் மூன்று அம்பு விட்டார். மூன்றாவது அதன் காதுகளுக்கு நடுவில் உரசிக்கொண்டு போனது. பூனை போயே போச்சு.

28/
இதுல இருக்கற வேடிக்கை என்னன்னா, டாக்டர் இலக்குப் பலகையில் நன்றாக எய்யக் கற்றுக்கொண்டார். ஆங்கிலேய வில்வித்தை நூல்களை எல்லாம் படித்தார். தூரத்தில் வைத்த வட்டப் பலகையில் இஷி அவ்வளவு பெரிய ஆளும் இல்லை.

ஆனா காட்டுக்குள்ளே போனா கதையே வேற. பலகை ஓடாது. பலகைக்கு மூக்கு கிடையாது. காற்று திசை மாறினால் பலகை நிமிர்ந்து பார்க்காது.

29/
1914 கோடையில் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் 11 வயது மகன், எல்லாரும் இஷியோடு டீர் கிரீக் கிளம்பினார்கள். இஷிக்கு முதலில் விருப்பம் இல்லை. அந்த மண்ணில் அவருடைய மொத்தச் சொந்தமும் செத்துக் கிடக்கிறது. அங்கே போய் முகாம் அடிப்பது என்றால் சும்மாவா?

போனார். காட்டினார். எங்கே மீன் பிடித்தோம், எங்கே ஒளிந்திருந்தோம், எந்தத் தடத்தில் மான் தண்ணீருக்கு இறங்கும்.

30/
இங்கேதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வருகிறது.

இஷியோடு போப் பல தடவை மான் வேட்டைக்குப் போனார். எத்தனை மான் கிடைத்தது தெரியுமா?

ஒண்ணு கூட இல்லை.

31/
தூரம் அதிகம், மரம் குறுக்கே, சரிவு சரியில்லை, இப்படி ஒவ்வொரு தடவையும் அம்பு தவறியது. இதை மறைக்காமல் போப்பே எழுதினார். காரணமும் அவரே சொல்கிறார். ஒன்று, கற்றுக்குட்டியான தான் கூட இருந்தது. இரண்டு, வெள்ளைக்காரனுக்கு நேரம் இல்லாதது. தன் அவசரம் இஷியையும் அவசரப்படுத்தியது என்கிறார்.

தோல்விக்கு வில்லையோ குருவையோ பழி சொல்லலை. தன் கடிகாரத்தைச் சொன்னார்.

32/
இதைப் படிக்கும்போது எனக்கு ஹவுஸ் சர்ஜன் காலம் ஞாபகம் வந்தது. நீர்ச்சத்து இழந்து வந்த ஒரு கைக்குழந்தை. வெயின் கிடைக்கலை. இரண்டு தடவை குத்தித் தவறவிட்டேன். வெளியே பத்து பேர் காத்திருக்காங்க, எனக்கு வியர்க்குது.

அனுபவம் உள்ள ஒரு சிஸ்டர் வந்து, "டாக்டர், ஊசியைக் கீழ வைங்க. முதல்ல கையைப் பிடிச்சுத் தொட்டுப் பாருங்க. அவசரம் உங்களுக்குத்தான், வெயினுக்கு இல்லை"ன்னாங்க.

33/
ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். குழந்தையின் கையைப் பிடித்துத் தடவிக்கிட்டே இருந்தேன். விரலுக்கு அடியில் ஒரு மெல்லிய நூல் போலத் தட்டுப்பட்டது. போட்டேன். ரத்தம் வந்தது.

புத்தகத்தில் இது இருந்தது. நான் படிச்சும் இருந்தேன். ஆனால் அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். அனுபவம்னா என்னன்னு என்கிட்ட கேட்டா, எத்தனை தடவை செஞ்சோம் என்பது மட்டும் இல்லை. எந்த இடத்தில் நிற்கணும்னு உடம்புக்கே தெரிவதுதான்.

34/
இஷிக்கு அது தெரியும். ஏன்னா தவறவிட்டால் அன்று வீட்டில் பட்டினி. சத்தம் போட்டால் மொத்தக் குடும்பமும் போச்சு. அப்படி 40 வருஷம்.

வார விடுமுறையில் வந்து போகும் ஒரு டாக்டர் அதை எப்படிச் சட்டென்று எடுத்துக்கொள்ள முடியும்?

35/
நேரமும் இல்லாமல் போனது. காட்டில் தனிமையில் வாழ்ந்த உடம்புக்கு நகரத்து நோய்கள் பழக்கமில்லை. வந்த சில மாதங்களிலேயே நிமோனியா. 1915இல் காசநோய் உறுதியானது.

ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அன்றைக்கு டாக்டர் போப் கையில் இருந்ததெல்லாம் ஓய்வு, உணவு, காற்றோட்டம். இன்றைக்கு ஆறு மாச மாத்திரையில் குணமாகும் நோய், மக்களே.

36/
கடைசி மாதங்களில் அருங்காட்சியகத்திலேயே ஒரு காட்சி அறையைக் காலி செய்து அவருக்கு ஒதுக்கினார்கள். 1916 மார்ச் 25. நுரையீரலில் இருந்து பெரும் ரத்தப்போக்கு. போப் பக்கத்தில் இருந்தார். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சில நேரம் ஒரு டாக்டரால் முடிவது அவ்வளவுதான். அது குறைந்த விஷயமும் இல்லை.

37/
அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை பொய்யாகிவிடும்.

யாஹி வழக்கப்படி உடலைச் சிதைக்காமல் எரிக்கணும். அப்போது நியூயார்க்கில் இருந்த குரோபர், பிரேத பரிசோதனை வேண்டாம், அறிவியலைவிட நம் நண்பர்தான் முக்கியம் என்ற பொருள்படக் கோபமாகக் கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

38/
பிரேத பரிசோதனை நடந்தது. மூளை தனியே எடுக்கப்பட்டது. அந்த அறிக்கையை, தான் எழுதிய இஷியின் மருத்துவ வரலாற்றில் போப்பே வெளியிட்டார்.

மற்ற உடல், அவருடைய வில், ஐந்து அம்புகள், ஓக் கொட்டை மாவு, சிப்பிக் காசு, புகையிலை, கொஞ்சம் எரிமலைக் கல் துண்டுகளோடு எரியூட்டப்பட்டது. வழியனுப்பத் தெரிந்திருக்கிறது. முழுசாக அனுப்பத் தெரியவில்லை.

39/
கடிதம் எழுதிய அதே குரோபர், 1917இல் அந்த மூளையை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். ஆமா, அவரேதான்.

நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு தப்பைச் செய்ய முடியும் என்பதற்கு, மருத்துவ மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த மனிதர் என்ன விரும்பியிருப்பார் என்ற கேள்விக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

40/
இஷி இறந்த பிறகுதான், அவர் சொல்லிக்கொடுத்த வழியில் போய், டாக்டர் போப் தன் முதல் மானை அம்பால் வீழ்த்தினார்.

முதலில் பாராட்டியிருக்க வேண்டியவர் இல்லை. காட்டில் கூட நின்றவர் இல்லை. பாடம் மட்டும் உடம்பில் ஏறியிருந்தது. நம்மில் பலருக்கும் ஆசிரியர் சொன்னது அவர் போன பிறகுதானே கைகூடுது?

41/
போப்பும் அவர் நண்பர் ஆர்தர் யங்கும் அதன் பிறகு பெரிய வேட்டைக்காரர்கள் ஆனார்கள். 1920இல் யெல்லோஸ்டோன் பகுதியில் கிரிஸ்லி கரடிகள். 1925இல் ஆப்பிரிக்காவில் சிங்கங்கள்.

1923இல் போப் எழுதிய வில் வேட்டைப் புத்தகம் அமெரிக்காவில் பெரிய அலையைக் கிளப்பியது. அந்தப் புத்தகம் இஷியின் கதையில்தான் தொடங்குகிறது.

42/
1926இல், 50 வயதில் போப் நிமோனியாவில் இறந்தார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் குருவையும் கொண்டுபோனது, சீடரையும் கொண்டுபோனது.

1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கு மட்டுமான தனி மான் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. 1961இல் போப், யங் இருவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அம்பால் வீழ்த்திய விலங்குகளின் கொம்பு அளவுகளுக்குச் சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது அந்தச் சங்கம்.

43/
கவனிச்சீங்களா? சங்கத்தின் பெயரில் போப் இருக்கிறார். யங் இருக்கிறார்.

இஷி இல்லை.

உயிர் தப்ப ஒளிந்து வாழ்ந்தவரின் கலை, இரண்டு தலைமுறையில் வார இறுதி விளையாட்டாக ஆனது. சத்தம் இல்லாமல் இருப்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. மற்றவர்களுக்கு அது சுவாரசியம்.

44/
இதுக்காக வில் வேட்டை செய்யும் எல்லாரையும் திட்ட வேண்டியதில்லை. அவர்களில் பலர் இன்றைக்கும் இஷியை ஆசான் என்றே மதிக்கிறார்கள். பருவம் தொடங்கும் முன் மாதக்கணக்கில் காட்டில் உட்கார்ந்து, காற்றையும் தடத்தையும் படிக்கிறார்கள். தெளிவான வாய்ப்பு இல்லை என்றால் வில்லை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்.

எய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் அதில் மூத்த பாடம். சர்ஜரியிலும் அதேதான். எப்போது கத்தியை எடுக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் ரொம்ப வருஷம் ஆகும்.

45/
மூளை என்ன ஆச்சு?

80 வருஷத்துக்கும் மேல் அது கிடங்கில் இருந்தது. கலிபோர்னியாவின் பூர்வகுடி மக்கள் விடாமல் கேட்டார்கள். தேடினார்கள். 1999இல் மேரிலாந்தில் ஒரு சேமிப்புக் கூடத்தில் இருப்பது உறுதியானது. 2000 ஆகஸ்டில், இஷிக்கு நெருங்கிய உறவு வழி வந்த ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

46/
அவர்கள் சாம்பலையும் மூளையையும் ஒன்று சேர்த்து, லாசன் மலையடிவாரத்தில், வெளியே சொல்லாத ஓர் இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

40 வருஷம் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்த மனிதர். இப்போது மறுபடியும் யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறார். இந்த முறை பயந்து இல்லை.

47/
இந்தக் கதையில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம்.

ஒண்ணு: அனுபவத்துக்குக் குறுக்கு வழி இல்லை. நல்ல வில், நல்ல புத்தகம், நல்ல குரு மூன்றும் இருந்தும், போப்புக்குக் குரு இருந்த காலத்தில் ஒரு மான் கூடக் கிடைக்கவில்லை. தவறவிட்ட ஒவ்வொரு அம்பும்தான் படிப்பு.

48/
ரெண்டு: நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு அனுபவமும் யாரோ ஒருத்தர் உடம்பில் இருந்து வந்தது. எனக்கு அந்தக் கைக்குழந்தை. போப்புக்கு இஷி.

கற்றுக்கொண்டவர் பெயர் நிலைக்கும். கற்றுக்கொடுத்தவர் பெயரே தெரியாமல் போகும். இஷி விஷயத்தில் அது நிஜமாவே தெரியாது. 'மனிதன்' என்று மட்டும் தெரியும்.

49/


உங்களுக்கு ஒரு தொழிலைக் கையைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தவர் யார்? கொத்தனார், டிரைவர், சிஸ்டர், பாட்டி, யாரா வேணா இருக்கட்டும். அவர் பெயரைக் கீழே எழுதுங்க. பெயர் தெரியும்ல? தெரியும்போதே எழுதிடுங்க.

(முற்றும்)